கெயின் என்பது வால்யூம் இல்லை: கார் ஆம்ப்பின் பேஸ் திருகுகள்

கார் ஆம்ப்பின் (பேஸ் ஒலிக்கும் பெரிய ஸ்பீக்கரான ஊஃபருக்குப் பவர் கொடுக்கும் ஆம்ப்ளிஃபையரின்) பக்கவாட்டுத் தகட்டில் சின்னச் சின்னக் குழிகள் வரிசையாக இருக்கும். மெல்லிய ஸ்க்ரூ டிரைவர் மட்டுமே நுழையும். மேலே கெயின், எல்.பி.எஃப்., சப்சோனிக், பேஸ் பூஸ்ட், ஃபேஸ் என்று எறும்பு எழுத்தில் அச்சடித்திருப்பார்கள். ஆம்ப்பை சீட்டுக்கடியில் குப்புற மாட்டிவிட்டால் அதையும் படிக்க முடியாது. அதனாலோ என்னவோ, பெரும்பாலான வண்டிகளில் இந்தத் திருகுகள் எல்லாமே முக்கால்வாசிக்குத் திருப்பி விடப்பட்டிருக்கும். பாட்டு ஓடுகிறது, டிக்கி அதிர்கிறது, மூடி மாட்டியாகிவிட்டது.

அப்புறம்தான் புகார்கள். "பேஸ் வருது, ஆனா பானைக்குள்ள அடிக்கிற மாதிரி இருக்கு." "ஒரு குறிப்பிட்ட நோட்டுக்கு மட்டும் கண்ணாடி அதிருது, மத்ததுக்கு ஒண்ணுமே இல்ல." "ஒரு மணி நேரம் ஓடினா சத்தம் தானா கம்மியாகுது." "புது ஊஃபர், ரெண்டே மாசத்துல காயில் கருகிடுச்சு." முதலாவது பெரும்பாலும் எல்.பி.எஃப்., அதாவது மேல் ஒலிகளை வெட்டும் ஃபில்டரின் கோளாறு. இரண்டாவது, ஊஃபர் உட்கார்ந்திருக்கும் பாக்ஸ் ஏற்கெனவே தூக்கிக் கொடுக்கும் இடத்தில் பேஸ் பூஸ்ட்டும் சேர்ந்து ஏறுவது. மூன்றாவதும் நான்காவதும் ஒரே வியாதியின் இரண்டு கட்டங்கள், காரணம் கெயின். ஊஃபர் மட்டமாக இருப்பதால் வரும் கோளாறு இதில் குறைவு.

கெயின் என்ன செய்கிறது

டாஷ்போர்டில் பாட்டு ஓட்டும் செட்டான ஹெட் யூனிட்டிலிருந்து ஆர்.சி.ஏ. ஒயர் வழியாக வரும் சிக்னல் எத்தனை வோல்ட் இருந்தால் ஆம்ப் தன் முழுப் பவரைத் தர வேண்டும் என்று சொல்லும் திருகுதான் கெயின். அவ்வளவுதான் அதன் வேலை. ஒரு ஹெட் யூனிட் 2 வோல்ட் தரும், இன்னொன்று 4 வோல்ட் தரும், கம்பெனி செட்டிலிருந்து ஸ்பீக்கர் ஒயரையே இழுத்துக் கொடுத்தால் அதைவிட அதிகம் வரும். எது வந்தாலும் ஆம்ப் ஈடுகொடுக்க வேண்டும் என்பதற்காக 0.2 வோல்ட் முதல் 6 வோல்ட் வரை என்பது போல ஒரு வீச்சை வைத்திருக்கிறார்கள்.

ஆகவே கெயினைக் கால்வாசியில் வைத்தால் ஆம்ப்பும் கால்வாசிப் பவர்தான் தரும் என்ற கணக்கு தவறு. 4 வோல்ட் வரும் இடத்தில் கெயின் கால்வாசியிலேயே 500 வாட்டும் வெளியே வந்துவிடலாம். அதற்கு மேல் திருப்பினால் கூடுதல் வாட் எங்கிருந்தும் வராது. வால்யூமைப் பாதி ஏற்றும்போதே ஆம்ப் தன் எல்லையைத் தொட்டுவிடும் என்பதுதான் மிச்சம். கெயினைக் கூட்டினால் சத்தம் கூடுகிறதே என்றால், கூடும்தான். ஹெட் யூனிட் அதே வால்யூமில் நிற்பதால் அப்படித் தெரிகிறது.

அச்சடித்திருக்கும் எண்களும் ஆளைக் குழப்பும். பெரும்பாலான ஆம்ப்களில் இடது கோடியில் 6 வோல்ட் என்றும் வலது கோடியில் 0.2 வோல்ட் என்றும் இருக்கும். பெரிய எண் பக்கம் வைத்தால் அதிகக் கெயின் என்று நினைத்துவிடக் கூடாது. 0.2 என்றால் "இத்தனூண்டு சிக்னல் வந்தாலே முழுப் பவர் கொடு" என்று பொருள். அதுதான் அதிகபட்ச கெயின்.

கெயின் தேவைக்கு மேல் ஏறியிருப்பதற்கு இன்னொரு அடையாளம், பாட்டை நிறுத்தியதும் காதில் விழும் இரைச்சல். எஞ்சினை முறுக்க முறுக்க ஊய்ய்ங் என்று கூடவே ஏறும் ஆல்டர்னேட்டர் சத்தத்துக்கு மூலம் எர்த்திலோ ஒயர் போன வழியிலோ இருந்தாலும், அதைப் பெரிதாக்கிக் காட்டுவது கெயின்தான்.

தலை வெட்டுப்பட்ட அலை

ஆம்ப்புக்குள் இருக்கும் பவர் சப்ளை ஒரு குறிப்பிட்ட வோல்ட்டுக்கு மேல் போகாது. சிக்னல் அதைத் தாண்டச் சொன்னால் அலையின் மேல்முனையும் கீழ்முனையும் கத்தியால் சீவியது போலத் தட்டையாகிவிடும். இதுதான் கிளிப்பிங். நல்ல வட்டமான சைன் அலையாக 500 வாட் தரும் ஆம்ப், அதே உச்ச வோல்ட்டில் முழுச் சதுர அலையைத் தந்தால் அது 1000 வாட். பவர் சப்ளை தாங்கும் வரைக்கும் ஊஃபரின் வாய்ஸ் காயில் (கோனை ஆட்டும் கம்பிச்சுருள்) இந்த இரட்டிப்புச் சூட்டை வாங்கிக்கொண்டே இருக்கும்.

கிளிப் ஆனால் டி.சி. போய் காயிலை எரிக்கிறது என்று ஒரு பேச்சு ரொம்ப நாளாகச் சுற்றுகிறது. அப்படி இல்லை. சீவப்பட்ட அலையும் ஏ.சி.தான். எரிப்பது சராசரிப் பவர். சாதாரணமாக ஒரு பாட்டில் பேஸ் அடி விழும், அடுத்த கணம் ஓயும். அந்த இடைவெளியில் காயில் ஆறும். கிளிப்பிங்கில் ஓட்டும்போது அடிக்கும் ஓய்வுக்கும் உள்ள வித்தியாசம் நசுங்கிப்போய், ஆறவே நேரமில்லாமல் போகிறது. சூடேறிய காயிலின் ஓம் கூடும், கூடினால் அதே வோல்ட்டில் இழுக்கும் பவர் குறையும். ஒரு மணி நேரத்தில் சத்தம் தானாகக் குறைவது இதனால்தான். அந்த நேரத்தில் மக்கள் வால்யூமைக் கூட்டுவார்கள். பிசின் கருகும் வாடை வந்துவிட்டால் காயில் மேல் பூசிய வார்னிஷ் போக ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். உடனே நிறுத்தினால் பிழைக்க வாய்ப்புண்டு.

கெயினைத் தொடுவதற்கு முன்

சிக்னல் வரும் பாதை முழுவதையும் முதலில் சமப்படுத்த வேண்டும். ஹெட் யூனிட்டில் பேஸ், ட்ரெபிள் இரண்டும் பூஜ்யம். லௌட்னஸ் ஆஃப். ஈக்வலைசர் ஃப்ளாட். சப்வூஃபர் லெவல் என்று தனியாக இருந்தால் அதுவும் பூஜ்யம். +10, +15 என்று விட்டுவைத்தால் ஹெட் யூனிட்டின் ப்ரீ-அவுட்டே, அதாவது ஆம்ப்புக்குச் சிக்னல் அனுப்பும் முனையே, கிளிப் ஆகி, ஆம்ப்புக்குள் நுழையும்போதே அலை சீவப்பட்டு நுழையும். அதற்குப் பிறகு கெயினை எவ்வளவு குறைத்தாலும் அந்த அலை வட்டமாகாது, சின்னச் சதுரமாகத்தான் ஆகும். போனிலிருந்து ப்ளூடூத்தில் ஓட்டுபவர்கள் போனில் இருக்கும் ஈக்வலைசரை மறந்துவிடுவார்கள். அதையும் அணைத்து, போன் வால்யூமை முழுதாக வைக்க வேண்டும்.

அடுத்து ஃபில்டர்களை, அதாவது எல்.பி.எஃப்.பையும் சப்சோனிக்கையும், அவை நிற்க வேண்டிய இடத்தில் வைத்துவிடுங்கள் (எங்கே என்பது கீழே வருகிறது). பேஸ் பூஸ்ட் வேண்டுமா வேண்டாமா என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். கெயின் இவற்றுக்குப் பிறகுதான். கெயினை முதலில் வைத்துவிட்டுப் பிறகு பூஸ்ட்டைத் திருகினால் முதலில் செய்த வேலை பாழ்.

மல்டிமீட்டரோடு கெயின்

தேவையானவை ஏ.சி. வோல்ட் காட்டும் ஒரு சாதாரண மல்டிமீட்டர், 40, 50, 60 ஹெர்ட்ஸ் டெஸ்ட் டோன்கள், ஒரு கால்குலேட்டர். டோன்கள் 0 டெசிபலில், அதாவது முழு அளவில் பதிவானவையாக இருக்க வேண்டும்.

கணக்கு இதுதான்: வாட்டையும் ஓமையும் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்தால் வோல்ட். 2 ஓமில் 500 வாட் என்றால் 1000-இன் வர்க்கமூலம், 31.6 வோல்ட். 4 ஓமில் 300 வாட் என்றால் 34.6 வோல்ட். 1 ஓமில் 1000 வாட் என்றாலும் அதே 31.6 வோல்ட்தான். இங்கே போட வேண்டிய வாட், அட்டைப்பெட்டி மேல் கொட்டை எழுத்தில் இருக்கும் 'மேக்ஸ்' வாட் இல்லை. கையேட்டில் இருக்கும் ஆர்.எம்.எஸ். வாட், அதாவது தொடர்ந்து தரக்கூடிய வாட். ஊஃபரின் ஆர்.எம்.எஸ். ஆம்ப்பைவிடக் குறைவு என்றால் ஊஃபரின் எண்ணைப் போடுங்கள்.

ஓம் எவ்வளவு என்பதில்தான் பலர் வழுக்குகிறார்கள். ஒரு ஊஃபரில் இரண்டு காயில், ஒவ்வொன்றும் 4 ஓம் என்றால், இணையாகக் கொடுத்தால் 2 ஓம், தொடராகக் கொடுத்தால் 8 ஓம். 2 ஓம் இரட்டைக் காயில் இணையாக 1 ஓம், தொடராக 4 ஓம். 2 ஓம் வரைதான் தாங்கும் என்று எழுதியிருக்கும் ஆம்ப்பில் 1 ஓமைக் கட்டினால், மெதுவாகப் பாடும்போது ஒன்றும் தெரியாது, சத்தம் ஏற்றியதும் ப்ரொடெக்ட் விளக்கு எரிந்து நின்றுவிடும்.

இனி வேலை. எஞ்சினை ஓடவிடுங்கள். ஆம்ப்பிலிருந்து ஊஃபர் ஒயர்களைக் கழற்றிவிடுங்கள். கெயினை அடிமட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். பேஸ் நாப் என்று முன்னால் தனியாக ஒன்று மாட்டியிருந்தால் அதை முழுதாகத் திருப்பி வையுங்கள். மல்டிமீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்து, ஊனிகளை (ப்ரோப்) ஆம்ப்பின் ஸ்பீக்கர் டெர்மினல்களில் வைக்க வேண்டும். இரண்டு ஊனியும் ஒன்றையொன்று உரசிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உரசினால் அவுட்புட் ஷார்ட். ஹெட் யூனிட் வால்யூமை உச்சத்தில் முக்கால் பங்கு, அதாவது 40 வரை போகும் செட்டில் 30, என்று வைத்து டோனை ஓட்டுங்கள். மூன்று டோனையும் ஓட்டிப் பார்த்து எதற்கு மீட்டர் அதிகம் காட்டுகிறதோ அதையே வைத்துக்கொண்டு, கெயினை மயிரிழை மயிரிழையாகத் திருப்பிக் கணக்கில் வந்த வோல்ட்டில் நிறுத்துங்கள். சில ஆம்ப்களில் கடைசிக் கால்வாசித் திருப்பத்தில் வோல்ட் குபீரென்று ஏறும், ஆகவே அவசரம் கூடாது. முடிந்ததும் வால்யூமைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து ஆம்ப்பை அணைத்துவிட்டு ஊஃபரைத் திரும்ப மாட்டுங்கள். இனி வால்யூம் 30-ஐத் தாண்டக் கூடாது.

முக்கால் வால்யூம் என்பது ஒரு பாதுகாப்பான ஊகம்தான், விதி இல்லை. சில செட் உச்சம் வரை சுத்தமாகத் தரும், சில பாதியிலேயே சீவ ஆரம்பிக்கும். கைக்கடக்கமான ஆசிலோஸ்கோப் கிடைத்தால் ஆர்.சி.ஏ. முனையிலேயே பார்த்து எந்த எண்ணில் அலை தட்டையாகிறது என்று கண்டுபிடித்துவிடலாம். மல்டிமீட்டருக்கு அந்தக் கண் கிடையாது. வட்ட அலைக்கும் சதுர அலைக்கும் அது ஏதோ ஒரு எண்ணைக் காட்டிவிட்டுப் போகும். எதுவும் இல்லாவிட்டால் காதுக்கும் ஓரளவு தெரியும்: தனி 50 ஹெர்ட்ஸ் டோன் "ம்ம்ம்" என்று வாய் மூடி முனகுவது போல இருக்கும். கிளிப் ஆன கணத்தில் அதில் 150, 250 ஹெர்ட்ஸ் என்று மேல் ஒலிகள் சேர்ந்துகொண்டு "ங்ங்" என்று ஒரு கரகரப்பு வரும். ஊஃபரை மாட்டி இந்தச் சோதனையைச் செய்தால் ஒருசில விநாடிக்கு மேல் ஓட்டாதீர்கள். தொடர் டோன் பாட்டைவிடப் பல மடங்கு சூடேற்றும்.

0 டெசிபல் டோனில் வைத்தால் சில பாட்டுகளுக்குச் சத்தம் போதவில்லை என்று தோன்றும். ஒலியளவு குறைவாகப் பதிவான பழைய பாட்டுகளையே அதிகம் கேட்பவர்கள் -5 டெசிபல் டோனை வைத்து இதே வோல்ட்டுக்குக் கொண்டுவரலாம். உச்ச அடிகளில் அவ்வப்போது லேசாகக் கிளிப் ஆகும் என்று தெரிந்தே எடுக்கும் முடிவு அது. இன்றைய பாட்டுகள் ஏற்கெனவே முழு அளவுக்கு அமுக்கிப் பதிவானவை, அவற்றுக்கு 0-தான் சரி.

பேஸ் பூஸ்ட்: இனிப்பான விஷம்

இந்தத் திருகு பேஸ் முழுவதையும் கூட்டுவதாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஒரே ஒரு இடத்தை, பெரும்பாலான ஆம்ப்களில் 45 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தை, ஒரு மேடு போலத் தூக்குகிறது. அந்த மேட்டின் உயரத்தை டெசிபலில் போட்டிருப்பார்கள்: 0 முதல் 12 வரை, சிலவற்றில் 18 வரை.

டெசிபல் கணக்கு சாதுவாகத் தெரியும். வாட்டில் மாற்றினால் முகம் மாறும். 3 டெசிபலுக்கு இரண்டு மடங்கு பவர், 6-க்கு நான்கு மடங்கு, 9-க்கு எட்டு, 12-க்குப் பதினாறு. ஆம்ப் அந்த நேரத்தில் 45 ஹெர்ட்ஸில் 100 வாட் தந்துகொண்டிருந்தால், பூஸ்ட்டை 12-க்குத் திருப்பியதும் 1600 வாட் கேட்கிறீர்கள். 500 வாட் ஆம்ப்பிடம். மிச்ச 1100 வாட் எங்கே போகும்? அலை சீவப்படும். கேட்பவருக்குப் பேஸ் நிறைய வருவது போலவும் இருக்கும், ஏனென்றால் கிளிப் ஆன பேஸ் கொஞ்சம் கனமாகவே காதில் விழும். காயில் எரிந்த பிறகும் பலர் இந்தத் திருகைச் சந்தேகப்படாததற்கு அதுதான் காரணம்.

காரின் உள்ளேயே ஒரு பூஸ்ட் இலவசமாக உண்டு என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஒலியலையின் பாதி நீளம் கேபினின் நீளத்தைவிடப் பெரிதாகிவிட்டால் மூடிய பெட்டிக்குள் ஏறுவது போலக் காருக்குள் அழுத்தம் ஏற ஆரம்பிக்கிறது. உள்நீளம் 3 மீட்டர் என்றால் அந்த எல்லை சுமார் 57 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே போகப் போக, ஆக்டேவுக்கு (ஹெர்ட்ஸ் பாதியாகும் ஒவ்வொரு படிக்கும்) கொள்கையளவில் 12 டெசிபல் வரை கேபினே தூக்கிக் கொடுக்கும். கதவு, தகடு, கண்ணாடி அதிர்ந்து கொஞ்சம் வீணாவதால் நிஜத்தில் அதைவிடக் குறையும். எல்லாப் பக்கமும் மூடிய சீல்டு பாக்ஸ் கீழே போகும்போது ஆக்டேவுக்கு 12 டெசிபல் இறங்கும் என்பதால் இரண்டும் கிட்டத்தட்டச் சரிக்கட்டிக்கொள்ளும். வீட்டில் ஒல்லியாக ஒலித்த சின்ன சீல்டு பாக்ஸ் காரில் தடிமனாக ஒலிப்பதன் ரகசியம் இதுதான்.

போர்ட் என்ற காற்றுத் துளை வைத்த போர்ட்டட் பாக்ஸில் கதை வேறு. 35, 40 ஹெர்ட்ஸுக்குக் கட்டிய போர்ட், அந்தச் சுற்றுவட்டாரத்தில் தானே ஒரு மேடு போடும். அதன் மேல் கேபின். அதற்கும் மேல் 45 ஹெர்ட்ஸ் பூஸ்ட். மூன்று மேடும் ஒன்றன் மேல் ஒன்று ஏறி உட்கார, ஒரே நோட்டுக்குக் கண்ணாடி அதிர்ந்து மற்றதெல்லாம் ஊமையாகிவிடும். போர்ட்டட் பாக்ஸ் வைத்திருப்பவர்கள் பூஸ்ட்டைப் பூஜ்யத்திலேயே விட்டுவிடலாம், இழப்பு எதுவும் இல்லை.

பூஸ்ட் உபயோகப்படும் இடமும் உண்டு. கொள்ளளவு போதாத சின்ன சீல்டு பாக்ஸ், ஆம்ப்பில் பவர் மிச்சம், ஊஃபருக்குக் கோன் (முன்பின் ஆடும் கூம்பு) நகரும் தூரம் தாராளம்: இந்த மூன்றும் சேர்ந்தால் 3 டெசிபல் வைக்கலாம். அதற்கு மேல் வேண்டும் என்று தோன்றினால் பாக்ஸ்தான் தப்பு. எவ்வளவு வைத்தாலும், வைத்த பிறகு பூஸ்ட் ஆகும் அதே 45 ஹெர்ட்ஸ் டோனில் கெயினைத் திரும்ப வைக்க வேண்டும்.

எல்.பி.எஃப்.

ஊஃபருக்கு எந்த ஹெர்ட்ஸ் வரை போக வேண்டும் என்பதை இது வெட்டுகிறது. 80 ஹெர்ட்ஸில் ஆரம்பியுங்கள். சோதனை எளிது: கதவு ஸ்பீக்கர்களை முன்னாலிருந்தே அணைத்து ஊஃபரை மட்டும் ஓடவிட்டு, ஆண்குரல் பாடும் பாட்டு ஒன்றைப் போடுங்கள். டிக்கியிலிருந்து யாரோ முணுமுணுப்பது போல வார்த்தை ஓரளவு புரிந்தால் எல்.பி.எஃப். அதிகம். பானைக்குள் அடிக்கும் சத்தமும் 100 முதல் 150 ஹெர்ட்ஸ் வரை ஊஃபர் கத்துவதால் வருவதே. 100 ஹெர்ட்ஸைத் தாண்டினால் சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று காது கண்டுபிடிக்க ஆரம்பித்துவிடும், பாட்டு முன்னாலும் பேஸ் பின்னாலும் பிரிந்து நிற்கும்.

ஹெட் யூனிட்டிலும் ஒரு எல்.பி.எஃப். இருக்கும். இரண்டையும் 80-இல் போட்டால் வெட்டு இரட்டிப்பாகி 80 ஹெர்ட்ஸில் ஒரு பள்ளம் விழும். ஒன்று போதும் என்று முடிவு செய்து மற்றதை ஆஃப் செய்யுங்கள். ஆஃப் வசதி இல்லாவிட்டால் கடைசி எண்ணுக்குத் தள்ளிவிடுங்கள். ஹெட் யூனிட்டின் எண்களை நம்பலாம். ஆம்ப்பில் அச்சடித்த எண்ணை அவ்வளவாக நம்ப முடியாது. 80 என்று கோடு போட்ட இடத்தில் 95 இருக்கும், 70-உம் இருக்கும். உண்மையைப் பார்க்க அதே மல்டிமீட்டர் போதும். ஊஃபரைக் கழற்றி, பூஸ்ட்டைப் பூஜ்யத்தில் வைத்து, 40 ஹெர்ட்ஸ் டோனில் 20 வோல்ட் வரும்படி வால்யூம் வையுங்கள். பிறகு வால்யூமைத் தொடாமல் 60, 70, 80, 90 என்று டோனை மாற்றிக்கொண்டே போங்கள். 14.1 வோல்ட்டுக்கு இறங்கும் இடம்தான் 3 டெசிபல் வெட்டு. சில ஆம்ப்கள் 6 டெசிபல் இறங்கும் இடத்தைத் தங்கள் எண்ணாகச் சொல்லும், அங்கே மீட்டர் 10 காட்டும்.

ஊஃபருக்கு 80 வைத்தால் கதவு ஸ்பீக்கர்களுக்குக் கீழ் ஒலிகளை வெட்டும் ஹெச்.பி.எஃப்.பையும் 80-ஐ ஒட்டியே வையுங்கள். சின்ன ஸ்பீக்கராக இருந்தால் 100 வரை போகலாம். ஊஃபர் 60-லும் கதவு 120-லும் நின்றால் நடுவில் பாட்டே இருக்காது. பலர் "பஞ்ச் இல்லை" என்று சொல்லி பூஸ்ட்டைத் திருகுவது இந்த ஓட்டையை அடைக்கத்தான். பூஸ்ட்டுக்கும் இந்த ஓட்டைக்கும் சம்பந்தமே இல்லை.

சப்சோனிக்: போர்ட்டட் பாக்ஸின் உயிர்

இது எல்.பி.எஃப்.புக்கு நேர்மாறு. ஒரு ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டும். சீல்டு பாக்ஸில் உள்ளே அடைபட்ட காற்றே ஸ்பிரிங் மாதிரி கோனைப் பிடித்துக்கொள்ளும் என்பதால் 20 ஹெர்ட்ஸில் விடலாம், ஆஃப்கூடச் செய்யலாம். போர்ட்டட் பாக்ஸில் போர்ட்டின் ட்யூனிங்குக்கு (அது எந்த ஹெர்ட்ஸுக்குக் கட்டியதோ அந்த எண்ணுக்கு) கீழே போனதும் அந்தப் பிடிமானம் போய்விடும். காற்று துளை வழியாகச் சும்மா போய்வரும், கோன் திறந்தவெளியில் ஆடுவது போல ஆடும். 25 ஹெர்ட்ஸில் காதில் ஒன்றும் விழாது, ஆனால் கோன் எல்லை வரை போய் காயில் பின்தகட்டில் இடிக்கும். "டக், டக்" என்று கட்டையில் தட்டுவது போல ஒரு உலர்ந்த சத்தம். அந்தச் சத்தம் இரண்டாம் தடவை கேட்பதற்குள் வால்யூமைக் குறைத்துவிட வேண்டும்.

எங்கே வைப்பது? ட்யூனிங்குக்கு ஏறத்தாழ 5 ஹெர்ட்ஸ் கீழே. 35-க்குக் கட்டிய பாக்ஸ் என்றால் 30. பாக்ஸை யாரோ கட்டிக் கொடுத்தது, ட்யூனிங் தெரியாது என்றால் கண்ணால் கண்டுபிடிக்கலாம். சப்சோனிக்கை ஆஃப் செய்து, கோன் அசைவது கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு மட்டும் மெதுவாக 50 ஹெர்ட்ஸ் டோனை ஓட்டுங்கள். அதே வால்யூமில் 48, 46, 44 என்று இறங்கிக்கொண்டே வாருங்கள். கோனின் ஆட்டம் குறைந்துகொண்டே வந்து, ஒரு இடத்தில் கிட்டத்தட்ட நின்றது போலத் தெரியும். அதே நேரம் போர்ட் வாயில் கையை வைத்தால் காற்று பலமாக அடிக்கும். அந்த எண்தான் ட்யூனிங். இன்னும் இரண்டு மூன்று ஹெர்ட்ஸ் இறங்கினால் கோன் திடீரென்று பெரிதாக ஆட ஆரம்பிப்பதையும் பார்ப்பீர்கள். சப்சோனிக் எதற்கு என்று அப்போது யாரும் விளக்க வேண்டியிருக்காது. இந்தச் சோதனையைச் சத்தமாகச் செய்யாதீர்கள்.

ஃபேஸ்

கோன் ஆடும் திசையைத் தலைகீழாக்கும், 0, 180 என்று ஒரு சுவிட்ச். எது சரி என்று எழுதிவைக்க முடியாது, ஊஃபர் எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறது, கதவு ஸ்பீக்கர் எவ்வளவு தூரம் என்பதைப் பொறுத்தது. கதவு ஸ்பீக்கர்களும் ஊஃபரும் சேர்ந்து ஓட, 80 ஹெர்ட்ஸ் டோனைப் போட்டு டிரைவர் சீட்டில் தலையை வழக்கமான இடத்தில் வைத்து உட்காருங்கள். கதவுகள், டிக்கி எல்லாம் மூடியிருக்க வேண்டும். இன்னொருவர் சுவிட்சைத் தட்ட, எதில் சத்தம் அதிகமோ அதுவே சரி.

இரண்டு ஊஃபர் வைத்தும் ஒன்று வைத்த அளவுக்குக்கூடப் பேஸ் இல்லை என்றால் இந்த சுவிட்ச் உதவாது. ஒன்றில் பிளஸ் மைனஸ் மாறியிருக்கும். ஒன்று தள்ள, மற்றது இழுக்க, இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். ஊஃபர் ஒயர்களை ஆம்ப்பிலிருந்து கழற்றி 9 வோல்ட் பேட்டரியை ஒரு கணம் தொடுங்கள். பேட்டரியின் பிளஸ் ஊஃபரின் பிளஸ்ஸில் பட்டால் கோன் வெளியே வர வேண்டும். உள்ளே போனால் அதைத் திருப்பிக் கட்டுங்கள்.

டாஷ்போர்டு நாப்

டெலிபோன் ஒயர் மாதிரி ஒரு ஒயரில் முன்னால் வந்து உட்காரும் பேஸ் நாப்பில் இரண்டு சாதி உண்டு. ஒன்று ஊஃபரின் மொத்த அளவைக் குறைத்துக் கூட்டும். மற்றது ஆம்ப்பின் பேஸ் பூஸ்ட்டையே முன்னால் கொண்டுவந்து வைத்தது. முதலாவது உபயோகமான பொருள். ஒவ்வொரு பாட்டிலும் பேஸ் ஒவ்வொரு மாதிரி பதிவாகியிருப்பதால் ஓட்டும்போதே சரிசெய்துகொள்ளலாம். இரண்டாவதைப் பக்கத்து சீட்டில் இருப்பவர் கைக்கு எட்டும் இடத்தில் வைக்கவே கூடாது.

எந்தச் சாதி என்று பெயரை வைத்துச் சொல்ல முடியாது. மீட்டரை மாட்டி 45 ஹெர்ட்ஸ் டோனில் நாப்பை அடியிலிருந்து முழுதுக்குத் திருப்பி வோல்ட் எத்தனை மடங்கு ஏறுகிறது என்று பாருங்கள். பிறகு அதையே 75 ஹெர்ட்ஸில் செய்யுங்கள். இரண்டும் ஒரே மாதிரி ஏறினால் லெவல் நாப். 45 மட்டும் துள்ளினால் பூஸ்ட். வேறு கம்பெனி நாப்பை, சாக்கெட் பொருந்துகிறதே என்று மாட்டாதீர்கள். உள்ளே ஒயர் வரிசை வேறாக இருக்கும்.

திருகால் தீராதவை

பேஸ் அடிக்கும்போது ஹெட்லைட் மங்கினால் எந்தத் திருகைத் தொட்டும் பயன் இல்லை. 500 வாட் தரும் கிளாஸ் டி ஆம்ப்புக்கு 80 சதவீதத் திறன் என்று வைத்தாலும் 625 வாட் உள்ளே போக வேண்டும், 14.4 வோல்ட்டில் அது 43 ஆம்பியர். ஒல்லி ஒயரில் அது போகும்போதே வோல்ட் கரைந்துவிடும். பேஸ் அடிக்கும் நேரத்தில் பேட்டரி முனையில் ஒரு அளவு, ஆம்ப்பின் பவர் முனையில் ஒரு அளவு எடுங்கள். வித்தியாசம் அரை வோல்ட்டைத் தாண்டினால் ஒயரோ எர்த்தோ பலவீனம். எர்த் என்றால் பெயின்ட்டைச் சுரண்டி, வெறும் தகடு பளபளவென்று தெரியும் இடத்தில், முடிந்தவரை குட்டையாக. சீட் போல்ட்டில் பெயின்ட் மேல் முடுக்கிவிட்ட எர்த் எத்தனையோ ஆம்ப்களுக்குக் கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்திருக்கிறது. பவர் ஒயரில் ஃப்யூஸ் பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். அது ஆம்ப்பைக் காப்பாற்ற இல்லை, ஒயர் வழியில் எங்காவது உரசி ஷார்ட் ஆனால் வண்டி தீப்பிடிக்காமல் இருக்க. இரண்டு முனையிலும் வோல்ட் ஒரே மாதிரி சேர்ந்து விழுந்தால் ஒயர் சரி, பேட்டரியோ ஆல்டர்னேட்டரோ போதவில்லை. கெப்பாசிட்டர் ஒன்று வாங்கி மாட்டுவது இங்கே பெரும்பாலும் தண்டம். அது பவரை உண்டாக்காது, காலியானதும் அதையும் சேர்த்து அதே ஆல்டர்னேட்டர்தான் நிரப்ப வேண்டும்.

எல்லாம் வைத்து முடித்ததும் ஒவ்வொரு திருகின் பள்ளமும் எந்தப் பக்கம் நிற்கிறது என்று தகட்டில் வெள்ளை பெயின்ட்டால் ஒரு புள்ளி வைத்து, போனில் ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். அதிர்வில் திருகுகள் நகரும், வண்டியை வேறு வேலைக்குக் கொடுக்கும்போது யாராவது ஸ்க்ரூ டிரைவரை விட்டுப் பார்ப்பதும் உண்டு. ஹெட் யூனிட்டை மாற்றினால் கெயினை மட்டும் முதலிலிருந்து வையுங்கள். பாக்ஸை மாற்றினால் சப்சோனிக்கிலிருந்து தொடங்க வேண்டும்.